ஏறும் இடத்திலேயே எல்லை: முன்பயண அனுமதியின் வரலாறும் அதற்கான ஆயத்தமும்

விசா தேவையில்லை என்று அறிவிக்கப்பட்ட நாட்டவர்களும், வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே தங்கள் கடவுச்சீட்டு விவரங்களையும் சில தன்விவரக் கேள்விகளுக்கான விடைகளையும் செல்லவிருக்கும் நாட்டின் அரசிடம் இணையவழி அளித்து ஒப்புதல் பெற வேண்டும் என்னும் விதி, கடந்த முப்பது ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவில் தொடங்கி அமெரிக்கா, கனடா, நியூசிலாந்து, தென்கொரியா, பிரிட்டன் எனப் பரவி, இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் வாசலுக்கும் வந்துவிட்டது. முன்பயண அனுமதி எனப்படும் இது விசாவிலிருந்து வேறுபட்டது. விசாவுக்கு விண்ணப்பிப்பவர் வங்கிக் கணக்கு, வேலைச் சான்று, தங்குமிடச் சான்று போன்றவற்றைக் காட்டி, பல வேளைகளில் கைரேகை பதித்து, நேர்காணலுக்கும் சென்று, ஓர் அதிகாரியின் முடிவுக்காகக் காத்திருக்கிறார். முன்பயண அனுமதியிலோ படிவம் சிறியது, கட்டணம் குறைவு, பெரும்பாலான விண்ணப்பங்களைக் கணினித் தொகுதிகளே தம் பதிவுகளோடு ஒப்பிட்டு முடிவு சொல்லிவிடுகின்றன. இரண்டுக்கும் பொதுவான ஒன்றும் உண்டு: இரண்டுமே நாட்டுக்குள் நுழையும் உரிமையைத் தருவதில்லை, எல்லைவரை வருவதற்கான இசைவை மட்டுமே தருகின்றன, உள்ளே விடுவதா வேண்டாமா என்பதை வந்திறங்கும் இடத்திலுள்ள எல்லை அதிகாரியே தீர்மானிக்கிறார்.

சில நிமிடங்களில் முடிந்துவிடும் படிவம் என்பதாலேயே பலரும் இதைப் பயண ஏற்பாட்டின் கடைசி வேலையாகத் தள்ளிவைக்கின்றனர். ஆனால் இம்முறை தோன்றிய வரலாற்றையும் அது இயங்கும் விதத்தையும் பார்த்தால், நாட்டின் எல்லை வந்திறங்கும் கூடத்திலிருந்து புறப்படும் விமான நிலையத்தின் பயணப்பதிவு மேசைக்கும், அங்கிருந்து பயணியின் கைப்பேசிக்கும் நகர்ந்திருப்பது தெரியவரும். அத்தகைய எல்லையைக் கடப்பதற்கான ஆயத்தம் படிவத்தை நிரப்புவதோடு முடிவதில்லை. ஒருவரைப் பற்றி வெவ்வேறு அரசுகளிடம் சேர்ந்துள்ள பதிவுகள் ஒன்றோடொன்று முரண்படாமல் இருக்கின்றனவா என்பதைப் பயணத்துக்கு நெடுநாள் முன்பே சரிபார்த்துக்கொள்வதே அதன் பெரும் பகுதி.

எல்லை நகர்ந்த வரலாறு

வருபவரை வந்த பிறகு தடுப்பதைவிட, புறப்படவே விடாமல் தடுப்பது எளிது என்ற எண்ணம் கணினிக்கு மிக முந்தையது. 1924ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம், நியூயார்க் துறைமுகத்தில் நடந்துவந்த தேர்வை வெளிநாடுகளிலிருந்த தூதரகங்களுக்கு மாற்றி, விசா இல்லாதவர் கப்பலேறவே முடியாதபடி செய்தது; இதைத் தொலைவிலிருந்து இயக்கும் கட்டுப்பாடு என்று அரசியல் அறிஞர் அரிஸ்டைட் சோல்பெர்க் விளக்கினார். தமிழ்நாட்டிலேயே இதற்கொரு பழைய சான்று உண்டு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914இல் கப்பல் போக்குவரத்து தொடங்கிய காலம் முதல், இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள் இராமநாதபுரம் கடற்கரையிலுள்ள மண்டபத்தில், இலங்கை அரசே நடத்திய முகாமில் சில நாள்கள் தங்கவைக்கப்பட்டு, மருத்துவச் சோதனையும் பதிவும் முடிந்த பின்னரே கப்பலேற்றப்பட்டனர். இலங்கையின் எல்லைச் சோதனை இந்திய மண்ணில் நடந்தது. அதே மண்டபம் முகாம், 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியோருக்கும், பின்னர் போரிலிருந்து தப்பி வந்த ஏதிலியருக்கும் தங்குமிடமானது.

இந்தக் கட்டுப்பாட்டை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்த நிகழ்வுகளில் ஈழத் தமிழரின் பெயர் ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதைப் பயண வழிகாட்டிகள் சொல்வதில்லை. தமிழ் வாசகர் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. இலங்கையில் நடந்த 1983ஆம் ஆண்டு வன்முறைக்குப் பிறகு தமிழர் பிரிட்டனில் புகலிடம் கேட்டு வரத் தொடங்கியதும், 1985 மே மாதத்தில் பிரிட்டன் இலங்கைக் குடிமக்களுக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடொன்றின் மீது பிரிட்டன் விசா விதித்தது அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டு இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நைஜீரியா, கானா ஆகிய நாடுகளும் அப்பட்டியலில் சேர்ந்தன. 1987 பிப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிப் புகலிடம் கேட்ட தமிழர்களை விசாரணையின்றித் திருப்பி அனுப்ப முயன்றபோது, அவர்களில் சிலர் ஆடைகளைக் களைந்து விமானத்தில் ஏற மறுத்தனர். அடுத்த மாதமே பிரிட்டன் அரசு விமான நிறுவனங்களின் பொறுப்பு குறித்த சட்ட முன்வரைவைக் கொண்டுவந்தது. உரிய ஆவணமில்லாமல் ஏற்றி வரப்படும் ஒவ்வொரு பயணிக்கும் விமான நிறுவனம் 1000 பவுண்டு தண்டம் கட்ட வேண்டும் என்றது அச்சட்டம். 1991இல் அத்தொகை இருமடங்காயிற்று.

ஷெங்கன் நாடுகள், அதாவது தங்களுக்கிடையே எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள், 1990ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இதே பொறுப்பை விமான நிறுவனங்கள் மீது சுமத்தின. 2001ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறை, தண்டத்தின் உச்ச அளவு 5000 யூரோவுக்குக் குறையக் கூடாது அல்லது குறைந்த அளவு 3000 யூரோவாக இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. இதன் விளைவாகவே, சென்னையிலோ சிங்கப்பூரிலோ பயணப்பதிவு மேசையில் அமர்ந்திருக்கும் விமான நிறுவன ஊழியர், எந்த அரசாலும் நியமிக்கப்படாதவராக இருந்தும், எல்லைக் காவலரின் வேலையைச் செய்ய வேண்டியவரானார். பயணியின் ஆவணத்தில் ஐயம் எழுந்தால், ஏற்றிச் செல்வதைவிட மறுத்துவிடுவதே அவருடைய நிறுவனத்துக்குப் பாதுகாப்பு. அகதிகள் உரிமைக்கான 1951ஆம் ஆண்டு உடன்படிக்கை, நாட்டை அடைந்தவருக்குப் பாதுகாப்பு தருகிறதே தவிர, அடைவதற்கு முன்பே தடுக்கப்பட்டவருக்கு வழி காட்டவில்லை. முன்பயண அனுமதியும் அவர் நாட்டை அடையும் வழியை மேலும் குறுக்குகிறது.

படிவம் மின்னணுவானது

1996இல், சிட்னி ஒலிம்பிக்கை எதிர்நோக்கியிருந்த ஆஸ்திரேலியா, பயண முகவர்களின் கணினி வழியாகவே அனுமதி பெறும் முறையைத் தொடங்கியது. கடவுச்சீட்டில் முத்திரையோ ஒட்டுச்சீட்டோ இல்லை. ஒப்புதல் அரசின் தரவுத்தளத்தில் மட்டுமே இருந்தது. வசதிக்காகப் பிறந்த இந்த ஏற்பாட்டைப் பாதுகாப்புக்கான கருவியாக மாற்றியது அமெரிக்கா. விசா விலக்குத் திட்டத்தை 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொடங்கிய அந்நாடு, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அத்திட்டத்தையே ஓட்டையாகக் கருதியது. அவ்வாண்டு டிசம்பரில் பாரிசிலிருந்து மயாமி சென்ற விமானத்தில் காலணிக்குள் வெடிபொருள் வைத்திருந்தவர் பிரிட்டன் கடவுச்சீட்டுடன் பயணம் செய்ததும் அந்த அச்சத்தை வளர்த்தது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான எஸ்டா என்னும் முன்பயண அனுமதி, 2009 ஜனவரி 12 முதல் கட்டாயமானது. தொடக்கத்தில் கட்டணம் இல்லாதிருந்த அதற்கு 2010இல் 14 டாலர், 2022இல் 21 டாலர், 2025 செப்டம்பர் 30 முதல் 40 டாலர் என்று கட்டணம் ஏறியது. பாதுகாப்புக்காக வந்த ஏற்பாடு வருவாய்க்கான ஏற்பாடாகவும் மாறுவது பிற நாடுகளிலும் காணப்படுகிறது: பிரிட்டன் 10 பவுண்டில் தொடங்கி 2025 ஏப்ரலில் 16 பவுண்டாக உயர்த்தியது, ஐரோப்பிய ஒன்றியம் தன் முறை தொடங்கும் முன்பே 7 யூரோ என்றிருந்ததை 20 யூரோவாக்க முடிவுசெய்தது. 7 கனடிய டாலரோடு நிற்கும் கனடாவின் அனுமதி ஐந்து ஆண்டுகள் செல்லுபடியாகிறது.

பிரிட்டனின் ஈ.டி.ஏ. அனுமதி, 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே 2023 நவம்பரில் கத்தார் நாட்டவரிடம் தொடங்கி, 2025 ஜனவரியில் ஐரோப்பியரல்லாத பிற விசா விலக்கு நாட்டவருக்கும், ஏப்ரலில் ஐரோப்பியருக்கும் விரிந்தது. 2026 பிப்ரவரி 25 முதல் இது முழுமையாகச் செயற்படுத்தப்படுகிறது. அனுமதி இல்லாதவரை விமானத்தில் ஏற்றக் கூடாது என்பதே இதன் பொருள். ஐரோப்பிய ஒன்றியத்தின் எட்டியாஸ், 2018 செப்டம்பரில் சட்டமாகிப் பலமுறை தள்ளிப்போய், 2026ஆம் ஆண்டின் இறுதிக் காலாண்டில் தொடங்கும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. 29 ஷெங்கன் நாடுகளும் சைப்ரசும் சேர்ந்த 30 நாடுகளுக்கு இது பொருந்தும். அயர்லாந்து இதில் இல்லை.

விசா நீக்கம் என்று அறிவித்துவிட்டு அதே இடத்தில் முன்பயண அனுமதியை வைக்கும் போக்கும் உண்டு. 2024 ஜனவரி முதல் எவருக்கும் விசா தேவையில்லை என்று கென்யா அறிவித்தது. ஆனால் அதற்கு முன்பு விசாவின்றியே வந்துபோன பல ஆப்பிரிக்க நாட்டவரும்கூட 30 டாலர் கட்டணத்துடன் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. எழுந்த எதிர்ப்பின் விளைவாக 2025இல் பெரும்பாலான ஆப்பிரிக்க நாட்டவருக்கு விலக்களிக்கப்பட்டது. இலங்கை 2012 ஜனவரி 1 முதல் இணையவழி அனுமதி முறையை நடத்திவருகிறது. 2024 ஏப்ரலில் அப்பணி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டுக் கட்டணம் உயர்ந்தபோது, வழக்குகள் தொடுக்கப்பட்டு, அவ்வாண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பயணியின் தரவுகள் யாருடைய கையில் இருக்கின்றன என்ற கேள்வி அவ்வழக்கில் முன்னுக்கு வந்தது. எல்லா நாட்டிலும் கேட்கப்பட வேண்டிய கேள்வி அது.

விண்ணப்பம் எங்கே போகிறது

எட்டியாசை எடுத்துக்கொண்டால் இவ்வகைத் தொகுதிகளின் உள்ளமைப்பு தெளிவாகும், ஏனெனில் அதன் விதிகள் சட்டநூலில் விரிவாக எழுதப்பட்டுள்ளன. விண்ணப்பதாரர் தம் பெயர், பிறப்பு விவரங்கள், பெற்றோரின் பெயர்கள், முகவரி, கல்விநிலை, தொழில், முதலில் செல்லும் நாடு ஆகியவற்றைத் தருகிறார். பட்டியலிடப்பட்ட குற்றங்களுக்காகக் குறிப்பிட்ட காலத்துக்குள் தண்டனை பெற்றாரா என்பதற்கும், கடந்த பத்தாண்டுகளில் போர்ப் பகுதியில் தங்கியிருந்தாரா என்பதற்கும், நாட்டைவிட்டு வெளியேறும்படி ஆணையிடப்பட்டாரா என்பதற்கும் விடை அளிக்கிறார். இவ்விவரங்கள் ஷெங்கன் தகவல் தொகுதி, விசா தகவல் தொகுதி, புகலிடம் கோரியோரின் கைரேகைத் தொகுதி, யூரோபோல் தரவுகள், காணாமற்போன கடவுச்சீட்டுகளைப் பற்றிய இன்டர்போல் பட்டியல் முதலியவற்றோடு ஒப்பிடப்படுகின்றன. எதிலும் பொருத்தம் இல்லையென்றால் சில நிமிடங்களில் அனுமதி வரும். பொருத்தம் காணப்பட்டால், வார்சாவிலுள்ள பிரான்டெக்ஸ் எல்லைக் காவல் அமைப்பின் மையப் பிரிவு அதை மனிதக் கண்ணால் சரிபார்த்து, உண்மையான பொருத்தமெனில் உரிய நாட்டுப் பிரிவுக்கு அனுப்பும். முடிவு நான்கு நாள்கள் வரை ஆகலாம்; கூடுதல் ஆவணம் கேட்டால் பதினான்கு நாள்கள், நேர்காணலுக்கு அழைத்தால் முப்பது நாள்கள் வரை நீளலாம். இந்த முப்பது நாள் என்ற எண்தான் பயணத் திட்டத்துக்கு அடிப்படையாக இருக்க வேண்டும். சில நிமிடங்கள் என்ற பொதுவான அனுபவம் அன்று.

இதற்கு மேல், சல்லடை விதிகள் எனத்தக்க ஒரு கணிப்பு முறையும் எட்டியாசில் உண்டு: வயது வரம்பு, பாலினம், குடியுரிமை, வாழும் நகரம், கல்விநிலை, தொழிற்பிரிவு ஆகியவற்றின் சேர்க்கையைக் கொண்டு, குறிப்பிட்ட இடர்வகையோடு ஒத்துப்போகும் விண்ணப்பங்களைத் தனியே எடுக்கும் முறை அது. நிறம், இனம், மதம் ஆகியவற்றை அளவுகோலாக்கக் கூடாதென்று சட்டம் தடுக்கிறது. ஆனாலும் குடியுரிமையும் நகரமும் தொழிலும் சேர்ந்தால் அவை இனத்தின் நிழலாக மாறிவிடக் கூடிய ஆபத்து உண்மையானது. விமானப் பயணிகளின் பதிவுத் தரவுகள் தொடர்பான வழக்கில் 2022 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றம், தாமே கற்றுத் தம் அளவுகோலை மாற்றிக்கொள்ளும் செயற்கை நுண்ணறிவுத் தொகுதிகளை அப்பணிக்குப் பயன்படுத்தக் கூடாதென்று தீர்ப்பளித்தது. எட்டியாசின் சல்லடை விதிகளையும் அதே கண்டிப்போடு கண்காணிப்பது தேவை. அமெரிக்காவோ எதிர்த்திசையில் செல்கிறது: 2016 இறுதி முதல் விருப்பத்தின்பேரில் கேட்கப்பட்ட சமூக ஊடக விவரங்களை எஸ்டா விண்ணப்பத்தில் கட்டாயமாக்க 2025 டிசம்பரில் முன்மொழிந்தது.

ஒப்புதல் கிடைத்த பின் அது பயணியின் கைக்கு வருவதைவிட விமான நிறுவனத்தின் கணினிக்குத் தெரிவதே முக்கியம். பயணப்பதிவின்போது கடவுச்சீட்டின் கீழ்ப்பகுதியிலுள்ள இரண்டு வரிக் குறியீடு படிக்கப்பட்டு, உரிய நாட்டுத் தொகுதிக்கு வினவலாக அனுப்பப்படுகிறது. ஏற்றலாம், ஏற்றக் கூடாது என்ற விடை திரும்பி வருகிறது. அச்சிட்டு வைத்த ஒப்புதல் கடிதம், தொகுதியின் மறுப்புக்கு முன் செல்லாது. ஆதலால் விண்ணப்பத்தில் ஓர் எண் தவறியிருந்தாலும், அதாவது கடவுச்சீட்டு எண்ணிலுள்ள சுழியத்தை ஆங்கில எழுத்தாகப் பதிந்திருந்தாலும், அனுமதி இருந்தும் இல்லாததாகிவிடும்.

எந்தக் கடவுச்சீட்டு, எந்தப் பெயர்

இவ்வனுமதிகளால் தமிழர் அனைவரும் ஒரே விதத்தில் பாதிக்கப்படுவதில்லை. இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு அமெரிக்கா, பிரிட்டன், ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றுக்கு இன்னும் விசாவே தேவை. எஸ்டாவோ எட்டியாசோ அவர்களுக்குப் பொருந்தாது. அவர்களிடம் எட்டியாஸ் வாங்கித் தருவதாகச் சொல்லும் எவரும் ஏமாற்றுகிறார். சிங்கப்பூர், மலேசியா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் குடிமக்களான தமிழர்களே லண்டனிலோ பாரிசிலோ உள்ள உறவினர் வீட்டுத் திருமணத்துக்குச் செல்லும்போது இவ்வனுமதியை நாட வேண்டியவர்கள். பிரான்சிலும் ஜெர்மனியிலும் குடியுரிமை பெற்றோருக்குப் பிரிட்டனுக்கும், எட்டியாஸ் தொடங்கியதும் பிரிட்டன் குடிமக்களுக்கு ஐரோப்பாவுக்கும் இது தேவை. இந்தியக் கடவுச்சீட்டுடன் தென்கிழக்காசியா செல்வோருக்கு இதைவிட எளிய வருகைப் பதிவு முறைகள் உள்ளன: மலேசியாவின் மின்னணு வருகை அட்டை 2024 ஜனவரி முதலும், தாய்லாந்தினுடையது 2025 மே முதலும் நடப்பில் உள்ளன. சிங்கப்பூரைப் போலவே இவற்றையும் வருகைக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் கட்டணமின்றி நிரப்ப வேண்டும். அனுமதி வேறு, வருகைப் பதிவு வேறு. பின்னது விசாவுக்கு மாற்றாகாது.

இரட்டைக் குடியுரிமை பெற்றோர் தனியே கவனிக்க வேண்டிய ஒரு விதி உள்ளது. ஒரு நாட்டின் குடிமகனுக்கு அந்நாட்டு முன்பயண அனுமதி வழங்கப்படுவதில்லை. அவர் குடிமகனாகவே வர வேண்டும். கனடா இதை 2016 முதல் கடைப்பிடிக்கிறது. பிரிட்டன் குடியுரிமையும் வேறொரு நாட்டுக் குடியுரிமையும் உள்ளவர், 2026 பிப்ரவரி முதல் செல்லுபடியான பிரிட்டன் கடவுச்சீட்டையோ உரிமைச் சான்றையோ காட்டாமல் விமானமேறுவது கடினம். காலாவதியான பிரிட்டன் கடவுச்சீட்டைப் புதுப்பிக்காமல், விடுமுறைக்கு இலங்கை சென்று, திரும்பும் நாளில் அதை உணர்வது பெரிய இக்கட்டாகிவிடும்.

பெயர் தொடர்பான சிக்கல் தமிழரிடம் மிகுதி. பன்னாட்டுக் குடிமை விமானப் போக்குவரத்து அமைப்பின் கடவுச்சீட்டுத் தரம், ஒவ்வொருவருக்கும் முதன்மைப் பெயர், துணைப் பெயர் என்ற இரு பகுதிகள் இருப்பதாகக் கொண்டு குறியீட்டு வரியை அமைக்கிறது. குடும்பப் பெயர் இல்லாமல், தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னொட்டாகக் கொள்ளும் தமிழ் மரபு அதற்குள் இயல்பாக அடங்குவதில்லை. இந்தியக் கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் முதலெழுத்தை விரித்தே எழுத வேண்டியிருப்பதால், ஒருவர் தந்தை பெயரைக் குடும்பப் பெயர்ப் பகுதியில் எழுத, அவருடைய தம்பி அப்பகுதியை வெறுமையாக விட, ஒரே வீட்டில் இருவகைப் பதிவுகள் உருவாகின்றன. ஒற்றைப் பெயருள்ள கடவுச்சீட்டுக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் அறியப்படவில்லை என்ற பொருளுடைய மூன்று ஆங்கில எழுத்துகள் இடப்படுகின்றன. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயருடைய சுற்றுலாப் பயணியரை ஏற்பதில்லை என்று அறிவித்தபோது தமிழ்நாட்டுப் பயணிகள் பலர் கலங்கினர். விதியை மாற்றும் வலிமை பயணியிடம் இல்லை. கடவுச்சீட்டின் குறியீட்டு வரியில் பெயர் எவ்வாறு பிரிந்துள்ளதோ அவ்வாறே அனுமதி விண்ணப்பத்திலும் பயணச்சீட்டிலும் எழுதுவதும், முன்பு வேறு எழுத்துக்கூட்டல் வழங்கியிருந்தால் பிற பெயர்கள் என்ற பகுதியில் அதை மறைக்காமல் குறிப்பதும் அவர் செய்யக்கூடியவை. தாய்க்கும் குழந்தைக்கும் பொதுப் பெயர் இல்லாத குடும்பங்கள், பிறப்புச் சான்றிதழின் நகலை உடன் கொண்டுசெல்வது நலம்.

விசா பெறுவோரையும் தொடும் மாற்றம்

எட்டியாஸ் பொருந்தாத இந்தியரையும் இலங்கையரையும் அதன் இரட்டைப் பிறவியான நுழைவு-வெளியேற்றத் தொகுதி தொடுகிறது. 2025 அக்டோபர் 12இல் படிப்படியாகத் தொடங்கிய இத்தொகுதி, 2026 ஏப்ரல் 10 முதல் முழு நடைமுறைக்கு வருமாறு திட்டமிடப்பட்டது. கடவுச்சீட்டில் மை முத்திரை குத்துவதற்கு மாற்றாக, வருகையும் புறப்பாடும் முகப்படத்தோடு கணினியில் பதியப்படும். விசா தேவையற்றோரிடம் நான்கு விரல்களின் ரேகையும் எடுக்கப்படும். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்குக் கைரேகை இல்லை. பதிவு மூன்றாண்டுகள் வைக்கப்படும். வெளியேறியதற்கான பதிவே இல்லையென்றால் ஐந்தாண்டுகள்.

இதன் நடைமுறை விளைவு, 180 நாள்களில் 90 நாள்கள் என்ற பழைய விதி இனி தானாகவே கணக்கிடப்படும் என்பது. மங்கிய முத்திரையும் அதிகாரியின் அவசரமும் மறைத்துவந்த பிழைகள் இனி மறையா. எந்த ஒரு நாளில் நின்று பார்த்தாலும், அந்நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாள்களுக்குள் ஷெங்கன் பகுதியில் கழித்த நாள்கள் 90ஐத் தாண்டக் கூடாது. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். ஓர் எடுத்துக்காட்டாக, 2026 ஜனவரி 1இல் ஜெர்மனியிலுள்ள மகள் வீட்டுக்கு வந்து மார்ச் 31இல் ஊர் திரும்பும் பெற்றோர் சரியாக 90 நாள்களை முடித்துவிடுகின்றனர். அவர்களிடம் பலமுறை நுழைவதற்கான விசா இருந்தாலும் ஜூன் 30க்கு முன் பிரான்சுக்கோ சுவிட்சர்லாந்துக்கோகூட நுழைய முடியாது. விசாவில் அச்சிடப்பட்டுள்ள காலாவதி நாளையும் தங்கும் நாள்களின் எண்ணிக்கையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே முதியோர் பயணங்களில் நேரும் முதன்மைத் தவறு.

ஆயத்தத்தின் வரிசை

பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே முதலில் கடவுச்சீட்டைப் பார்க்க வேண்டும். ஷெங்கன் பகுதிக்கு அது கடந்த பத்தாண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், வெளியேறும் நாளுக்குப் பின் மூன்று மாதங்கள் செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். எல்லா முன்பயண அனுமதிகளும் கடவுச்சீட்டின் எண்ணோடு பிணைக்கப்பட்டவை; கடவுச்சீட்டைப் புதுப்பித்ததும் பழைய அனுமதி இறந்துவிடும், எஞ்சிய காலம் புதியதற்கு மாறாது. ஆகவே சில மாதங்களில் காலாவதியாகும் கடவுச்சீட்டுக்கு அனுமதி வாங்குவது பணவிரயம். தொலைந்ததாகப் புகார் செய்து பின்னர் கிடைத்த கடவுச்சீட்டை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. அது இன்டர்போல் பட்டியலில் ஏறியிருக்கும்.

அடுத்தது வழியிடை நிறுத்தம். அமெரிக்க விமான நிலையங்களில் வெளியே செல்லாமல் விமானம் மாறும் பகுதி என்று தனியாக இல்லாததால், அந்நாட்டின் வழியாகச் செல்வோருக்கும் எஸ்டாவோ விசாவோ வேண்டும். கனடாவும் இடைநிறுத்தப் பயணிகளிடம் அனுமதி கேட்கிறது. இலங்கைக் குடிமக்களுக்கு ஷெங்கன் நாட்டு விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்கே தனி விசா தேவை என்று ஒன்றியத்தின் பொதுப் பட்டியல் சொல்கிறது. மலிவான பயணச்சீட்டின் மலிவு இங்கே கரைந்துபோவதுண்டு.

விண்ணப்பிக்கும்போது அந்தந்த அரசின் அதிகாரப்பூர்வ தளத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத் தளங்கள் பல, அரசுச் சின்னம் போன்ற சின்னத்தோடு பலமடங்கு கட்டணம் பெறுவதோடு, கடவுச்சீட்டின் படத்தையும் பெற்றுக்கொள்கின்றன. எட்டியாஸ் தொடங்குவதற்கு முன்பே அதன் பெயரில் போலித் தளங்கள் இயங்குவதாகப் பிரான்டெக்ஸ் எச்சரித்துள்ளது. அமெரிக்கத் தளம் 'டாட் கவ்' என்றும், பிரிட்டன் தளம் 'கவ் டாட் யூகே' என்றும், ஒன்றியத்தின் தளம் 'யூரோப்பா டாட் இயூ' என்றும் முடியும். எட்டியாசுக்குப் பதினெட்டு வயதுக்குட்பட்டோரும் எழுபதைக் கடந்தோரும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை, ஆனால் விண்ணப்பிக்க வேண்டும். இவர்களிடம் கட்டணம் கேட்கும் தளம் அதிகாரப்பூர்வமானது அன்று.

விடைகளில் உண்மை தவறக் கூடாது. அமெரிக்கச் சட்டப்படி, முக்கியமான செய்தியை மறைத்துப் பொய் சொன்னவர் வாழ்நாள் முழுவதும் நுழைவுத் தகுதி இழக்கலாம். பழைய சிறு குற்றத்தால் வரும் மறுப்பைவிட அதை மறைத்ததால் வரும் மறுப்பு கொடியது. 2011 மார்ச் முதல் ஈரான், ஈராக், சிரியா, சூடான் போன்ற நாடுகளுக்குச் சென்று வந்தோர் பொதுவாக எஸ்டா பெற முடியாது என்பதால் நேரே விசாவுக்குச் செல்ல வேண்டும். ஈழப்போர்க் காலத்தில் அங்கு வாழ்ந்தோர், எட்டியாஸ் கேள்வி கடந்த பத்தாண்டுகளை மட்டுமே குறிக்கிறது என்பதையும் போர் 2009இல் முடிந்துவிட்டது என்பதையும் மனத்தில் கொண்டு அச்சமின்றி விடையளிக்கலாம்.

மறுக்கப்பட்டால் என்ன செய்வது என்பதில் நாடுகள் பெரிதும் வேறுபடுகின்றன. எஸ்டா மறுப்புக்கு அமெரிக்கா காரணமும் சொல்வதில்லை, மேல்முறையீட்டையும் ஏற்பதில்லை. பிரிட்டன் காரணம் சொன்னாலும் மேல்முறையீடு கிடையாது. நீதிமன்றச் சீராய்வு ஒன்றே வழி, அதற்கான செலவு ஒரு பயணத்தின் செலவைப் பலமடங்கு மீறும். இரு நாடுகளும் விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்கின்றன. இம்மூன்றில் எட்டியாஸ் சட்டம் மட்டுமே மறுப்புக்கான காரணத்தைத் தெரிவிப்பதையும், மறுத்த நாட்டில் மேல்முறையீடு செய்யும் உரிமையையும் எழுத்தில் வைத்துள்ளது. பெயர் ஒற்றுமையால் தவறாக நிறுத்தப்படுவோர் தங்கள் பதிவைத் திருத்திக்கொள்ள உதவும் என்பதால், இவ்வுரிமையை மற்ற நாடுகளும் தங்கள் சட்டங்களில் சேர்க்க வேண்டும். அதைக் கேட்டுப் பெறும் பொறுப்பு, பிரிட்டன் குடிமக்களாகவும் கனடாக் குடிமக்களாகவும் வாக்குரிமையோடு வாழும் புலம்பெயர் தமிழர்களுக்கும் உண்டு.